மூன்று ஹோம் நர்ஸ் வந்து போனார்கள், நான்காவது ஆள் நிற்க என்ன செய்வது?

வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அவருடைய அம்மாவுக்கு வயது 74. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான்கு வருடங்களுக்கு முன் அல்சைமர் என்ற மறதி நோய் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இதுவரை கவனித்துக்கொண்டவர் 79 வயது அப்பா. முதுகுவலி வந்து, அம்மாவைத் தூக்கி உட்காரவைக்க அவரால் முடியாமல் போனபோது ஏஜென்சி மூலம் இருபத்து நான்கு மணி நேரத்துக்கு ஒரு ஹோம் நர்ஸ் வைத்தார்கள். ஐந்து மாதத்தில் மூன்று பேர் மாறிவிட்டார்கள். முதலில் வந்தவர், ராத்திரி தூங்கவே முடியவில்லை என்று கிளம்பினார். இரண்டாவதாக வந்தவரை அம்மா குளியலறையில் பிறாண்டிவிட்டார். மூன்றாமவர் தன் பர்ஸைத் திருடிவிட்டதாக அம்மா சொல்ல, வாசகியின் அண்ணன் அந்தப் பெண்ணின் பையைத் திறந்து காட்டச் சொன்னார். பர்ஸ் இரண்டு நாள் கழித்து அம்மாவின் தலையணை உறைக்குள் கிடைத்தது. அதற்குள் அந்தப் பெண் போய்விட்டிருந்தார்.

“அம்மாவுக்குத்தான் ஒன்றும் புரியாதே, யார் பார்த்தால் என்ன, பேசாமல் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்கிறார் அண்ணன். வெளி ஆள் அவளைத் தொடவே வேண்டாம் என்று அப்பா பிடிவாதம் பிடிக்கிறார். நான் வேலைக்குப் போகிறவள், இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். கடந்த பத்து நாளாக அம்மா இரவெல்லாம் கத்துகிறார். தூங்க மாத்திரை கொடுக்கலாமா? நான்காவதாக ஒருவரை வைத்தால் அறையில் கேமரா மாட்டலாமா? பணம் கொடுத்து ஆள் வைப்பதே அம்மாவைக் கைவிடுவதுதானா?” என்று கேட்கிறார்.

முதியோர் மனநல மருத்துவரின் பதில்:

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இல்லை, அது கைவிடுவது ஆகாது. எழுந்து நடக்கவும் கழிவறைக்குப் போகவும் குளிக்கவும் இன்னொருவர் கை தேவைப்படும் ஒரு மனிதரை, 79 வயதில் முதுகுவலியோடு இருக்கும் ஒருவர் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாது. இப்படியே விட்டால் இன்னும் சில மாதங்களில் உங்களுக்கு இரண்டு நோயாளிகள் இருப்பார்கள். ஆள் வேண்டும் என்ற உங்கள் முடிவு சரி.

ஆனால் மூன்று பேரும் போனதற்கு நீங்கள் எழுதியிருக்கும் காரணங்களை என்னால் முழுக்க ஏற்க முடியவில்லை. முதல் பெண்ணுக்குப் பொறுமை இல்லை, இரண்டாவது பெண்ணுக்கு அனுபவம் இல்லை, மூன்றாவது பெண் ரோஷக்காரி என்கிறீர்கள். அதே கடிதத்தில் வேறோர் இடத்தில், “வந்த அன்றைக்கு அறையையும் மாத்திரை டப்பாவையும் காட்டிவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவேன்” என்றும் எழுதியிருக்கிறீர்கள். மூன்று பேருக்கும் அதுவேதான் நடந்திருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் காலையில் வீட்டுக்குள் வந்து, ஒரு மணி நேரத்தில் தன் உடையைக் கழற்றச் சொன்னால் எந்தப் பெண்ணும் கத்தத்தான் செய்வார். அம்மாவின் பக்கமிருந்து பார்த்தால் நடந்தது அவ்வளவுதான். நான்காவது ஆள் எங்கே கிடைப்பார் என்பதை விட, வந்தவரிடம் அம்மாவை எப்படி ஒப்படைக்கப்போகிறீர்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதற்கு வருகிறேன். அதற்கு முன் அவசரமான வேறொன்று இருக்கிறது.

பத்து நாள் கத்தல்: முதலில் உடம்பைப் பாருங்கள்

அல்சைமர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல நகரும் நோய். பத்து நாளில் ஒருவர் தலைகீழாக மாறினால் அதை ‘நோய் முற்றிவிட்டது’ என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், போதுமான தண்ணீர் குடிக்காதது, எங்கோ ஒரு வலி, புதிதாகச் சேர்ந்த ஒரு மாத்திரை என்று ஏதோ ஒன்று பெரும்பாலும் பின்னால் இருக்கும். மறதி நோய் உள்ள மூளைக்கு இதில் ஒன்றே போதும். திடீர்க் குழப்பநிலை வந்துவிடும். டெலிரியம் என்பார்கள். காரணத்தைச் சரிசெய்தால் பெரும்பாலும் மீண்டு வரலாம். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்திய வரி, நீங்கள் போகிறபோக்கில் எழுதியது: “சளிக்கு மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரை போட்டதும் நன்றாகத் தூங்கினார், அதனால் இப்போது தினமும் ராத்திரி ஒன்று கொடுக்கிறோம்.” அதன் பெயர் குளோர்பெனிரமின் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். மூளையில் நினைவுக்கும் கவனத்துக்கும் தேவையான அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளின் வேலையை அந்த வகை மாத்திரை தடுக்கும். அம்மா காலையில் சாப்பிடும் டோனெபெசில் மாத்திரையோ, அதே அசிட்டைல்கோலினைக் கூட்டுவதற்காகக் கொடுக்கப்படுவது. காலையில் ஏற்றியதை இரவில் நீங்களே இறக்கிக்கொண்டிருக்கிறீர்கள். போதாததற்கு இந்த மாத்திரை மலத்தைக் கட்டும், சிறுநீரையும் அடைக்கும். இன்றிரவிலிருந்து அதைக் கொடுக்க வேண்டாம். நாளையே மருத்துவரிடம் அழைத்துப்போய், “பத்து நாளாகத் திடீர் மாற்றம்” என்ற இந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், கடையில் நீங்களாக வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள்.

தூக்க மாத்திரை, ‘அமைதிப்படுத்தும்’ மாத்திரை பற்றியும் கேட்டிருந்தீர்கள். தூக்க மாத்திரை போட்டவர் நடு இரவில் எழுந்து கழிவறைக்கு நடந்தால் விழுவார். இடுப்பெலும்பு உடைந்தால் பிறகு நடமாட்டமே கஷ்டம். மனநோய்க்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன், குவெட்டியபின் போன்றவை மறதி நோய் உள்ள முதியவர்களில் இறப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2005-லேயே கடும் எச்சரிக்கை வெளியிட்டது. அதற்காக அவற்றை நாங்கள் எழுதுவதே இல்லை என்று அர்த்தமில்லை. தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலை வந்து, வேறு வழிகள் பலிக்காதபோது, குறைந்த அளவில், எப்போது நிறுத்துவது என்ற கணக்கோடு எழுதுவோம். பக்கத்து வீட்டில் ஒருவருக்குக் கேட்டது என்று வாங்கிக் கொடுக்கும் மருந்து அது இல்லை. அறையில் குழந்தைகள் நிற்பதாகவோ யாரோ உட்கார்ந்திருப்பதாகவோ அம்மா சொல்வதுண்டா? உண்டென்றால் கண்டிப்பாக மருத்துவரிடம் சொல்லுங்கள். லூவி பாடி என்ற வகை மறதி நோயில் இந்த மருந்துகள் உடம்பை மரக்கட்டைபோல் விறைக்கவைத்துவிடலாம்.

பர்ஸ் விவகாரம்

மறதி நோயில் திருட்டுப் பழி அன்றாடம் நடப்பது. பொருள் பத்திரமாக இருக்க வேண்டும் என்று அம்மாவே எடுத்து ஒளித்துவைக்கிறார். ஒளித்துவைத்தது நினைவில் பதியவில்லை. பர்ஸ் இல்லை என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. ‘யாரோ எடுத்திருக்க வேண்டும்’ என்று மூளை அந்த ஓட்டையை அடைத்துக்கொள்கிறது. வீட்டில் புதிதாக இருப்பவர் யார்? பழி அவர் தலையில் விழுகிறது. புது ஆள் யாரும் இல்லாத வீடுகளில் மருமகள் மீதோ மகள் மீதோ விழும்.

“நீங்கதானே வச்சீங்க, நல்லா யோசிங்க” என்று வாதாடுவதால் பயனில்லை. “பர்ஸக் காணோமா? அடடா, வாங்க, ரெண்டு பேரும் தேடலாம்” என்று எழுந்து கூடவே தேடுங்கள். கண்டுபிடிப்பது அம்மாவின் கையாக இருக்கட்டும். அதே நிறத்தில் இன்னொரு பர்ஸ் வாங்கி வைத்துக்கொண்டாலும் நல்லது. தலையணை உறை, செருப்பு, துணி அடுக்கின் அடி என்று ஒவ்வொருவருக்கும் வழக்கமான ஒளிவிடங்கள் உண்டு, அவற்றைக் குறித்துவையுங்கள். குப்பைக் கூடையை வெளியே கொட்டுமுன் ஒரு முறை பாருங்கள். உண்மையான நகையும் பணமும் பத்திரங்களும் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டாம், உங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். வருகிற பெண்ணிடம் முதல் நாளே, அம்மா பக்கத்தில் இல்லாதபோது, “எடுத்துட்டன்னு உங்களச் சொல்லுவாங்க. எங்களுக்குத் தெரியும், நாங்க உடனே நம்பிட மாட்டோம்” என்று சொல்லிவிடுங்கள்.

மூன்றாவதாக வந்த பெண்ணின் விஷயம் இன்னும் முடியவில்லை. பர்ஸ் கிடைத்துவிட்டது என்று ஏஜென்சிக்குத் தகவல் கொடுத்தீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. கொடுக்காவிட்டால், திருட்டுச் சந்தேகத்தில் அனுப்பப்பட்டவர் என்ற பெயரோடுதான் அவர் அடுத்த வீட்டு வேலைக்கு அலைவார். ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அண்ணன் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்கட்டும். நீங்கள் கேட்பது போதாது, பையைத் திறக்கச் சொன்னவர் அவர்தான்.

அம்மா சொல்வதெல்லாம் கற்பனை என்றும் முடிவுகட்டிவிட வேண்டாம். நிஜமாகவே திருட்டு நடக்கும் வீடுகள் உண்டு, அடிக்கும் கைகளும் உண்டு. மேல்கையில் விரல் பதிந்த தடம், குறிப்பிட்ட ஒருவர் அருகில் வந்தாலே உடம்பைக் குறுக்கிக்கொள்வது, எடை குறைவது, பகலெல்லாம் காரணமில்லாத மயக்கத் தூக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே விசாரியுங்கள்.

குளியல்

கடிதத்தில் ஒரு காட்சியை அழகாக எழுதியிருக்கிறீர்கள்: அந்தப் பெண் தண்ணீர் ஊற்றுகிறார், அப்பா குளியலறை வாசலில் நின்று “மெதுவா, மெதுவா, பயமுறுத்தாதே” என்கிறார், அம்மா அப்பாவின் முகத்தைப் பார்க்கிறார், பிறகு கத்தத் தொடங்குகிறார். அம்மாவுக்குச் சொற்கள் நழுவிக்கொண்டிருக்கின்றன, முகத்தைப் படிக்கும் திறன் இன்னும் இருக்கிறது. ஐம்பது வருடமாகத் தெரிந்த முகம் கலவரமாக இருந்தால், இங்கே ஏதோ ஆபத்து என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். அப்பாவை விரட்ட வேண்டாம், அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதாவது பழைய கதை பேசட்டும், அல்லது துண்டை எடுத்துக் கொடுக்கட்டும். அதுவும் முடியாதென்றால் அந்த அரை மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வரட்டும்.

தினமும் தலையோடு குளித்தே ஆக வேண்டும் என்று மருத்துவத்தில் எந்தக் கட்டாயமும் கிடையாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் குளியல், மற்ற நாட்களில் முகம், அக்குள், இடுப்புக்குக் கீழே மட்டும் வெந்நீர்த் துணியால் துடைத்தால் போதும். அறை முன்கூட்டியே கதகதப்பாக இருக்க வேண்டும். உடம்பைப் பெரிய துண்டால் மூடிவைத்து, கழுவும் இடத்தை மட்டும் விலக்கி, பாதத்தில் தொடங்கி மேலே வாருங்கள். தலை கடைசியில்; அதை வேறொரு நாளுக்குத் தள்ளிவைத்தாலும் சரி. எதிர்பாராமல் தலையில் தண்ணீர் விழும்போதுதான் நிறையப் பேர் கைவீசுகிறார்கள். குறிப்பிட்ட ஒரு கையைத் தூக்கும்போது மட்டும் கத்துகிறாரா என்றும் பாருங்கள். தோள்பட்டை வலியைச் சொல்லத் தெரியாதவர் பிறாண்டித்தான் சொல்வார்.

இருபத்து நான்கு மணி நேரம் என்ற கணக்கு

உங்கள் கடிதம் முழுக்க ‘ஹோம் நர்ஸ்’ என்றே இருக்கிறது. ஏஜென்சி அனுப்பியவர்கள் செவிலியர் படிப்பு முடித்தவர்களா, சில வாரப் பயிற்சி பெற்ற பராமரிப்பு உதவியாளர்களா என்று கேட்டீர்களா? அம்மாவின் இப்போதைய நிலைக்கு நல்ல உதவியாளரே போதும். ஆனால் ஊசி போடுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப் போடுவது, எந்த மாத்திரையைக் கூட்டுவது குறைப்பது என்பதெல்லாம் அவர் வேலை இல்லை. அவரிடம் அதைக் கேட்பது அவருக்கும் ஆபத்து, அம்மாவுக்கும் ஆபத்து.

ஒரே ஆள் இருபத்து நான்கு மணி நேரமும் பார்த்துக்கொள்வார் என்பதை ஏஜென்சிகள் சொல்லலாம், உடம்பு ஒத்துக்கொள்ளாது. அம்மா இரவில் நான்கைந்து முறை எழுகிறார். பகல் முழுக்க உழைத்தவர் இரவிலும் நான்கைந்து முறை எழுந்தால் இரண்டாவது வாரத்தில் தள்ளாடுவார், மூன்றாவது வாரத்தில் கத்துவார், அல்லது கிளம்புவார். முதல் பெண் கிளம்பினார். இருப்பதில் அதுதான் நல்ல முடிவு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-ல் கொண்டுவந்த வீட்டுப் பணியாளர்களுக்கான உடன்படிக்கை, வாரத்துக்குத் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்கிறது. அதை ஏற்காத நாடுகள் பல. நீங்கள் ஏற்கலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்பதற்கு வசதி இல்லையென்றால், இரவுக்கு மட்டும் ஆளை வைத்துவிட்டுப் பகலில் சில மணி நேரத்தைக் குடும்பம் பங்கிட்டுக்கொள்வது, ஒரே ஆளை நாள் முழுக்கப் பிழிவதை விட நன்றாக நடப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன்.

ஏஜென்சியிடம் கேட்க வேண்டியவை இவை. மறதி நோய்க்கென்று தனிப் பயிற்சி உண்டா? இவர் லீவில் போனால் வருவது எப்போதும் ஒரே மாற்று ஆளா, அல்லது யார் கிடைக்கிறாரோ அவரா? மேற்பார்வைக்குச் செவிலியர் யாராவது வீட்டுக்கு வருவாரா? நடு இரவில் யாரைக் கூப்பிடுவது? வேலை நேரம், ஓய்வு, விடுமுறை, அவர் செய்யக் கூடாதவை எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். வாய்ப்பேச்சு மூன்றாவது மாதம் சண்டையில் முடியும்.

அம்மாவைப் பற்றி ஒரு பக்கம்

“ஒன்றும் புரியாதே” என்ற அண்ணனுக்கு: 2014-ல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான, மகிழ்ச்சியான படக்காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்த காட்சி அவர்களுக்கு மறந்துபோனது. சோகமும் மகிழ்ச்சியும் மறையவில்லை. காலையில் ஒருவர் அதட்டியது அம்மாவுக்கு நினைவிருக்காது. ஆனால் அதன் பிறகும் காரணம் தெரியாத ஒரு பயம் அவருக்குள் இருக்கலாம். ஆகவே யார் பார்க்கிறார் என்பது முக்கியம், எப்படிப் பார்க்கிறார் என்பது அதைவிட முக்கியம்.

வருகிறவருக்காக ஒரு பக்கம் எழுதுங்கள். நோய்ப் பெயரும் மாத்திரையும் வேறு தாளில் இருக்கட்டும். இதில் அம்மா இருக்க வேண்டும்: எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவார், எந்தக் காது கேட்காது, எந்தப் பேச்சு அவரைச் சிரிக்கவைக்கும், எதைச் சொன்னால் கோபம் வரும். ‘பாட்டி’ என்று கூப்பிட்டால் அம்மா முறைப்பதாக எழுதியிருந்தீர்கள். அவர் மனதில் அவருக்கு நாற்பது வயதாக இருக்கலாம், கவுண்டரில் வரிசை நிற்கிறது. அவரைப் பாட்டி என்றால் யாரைச் சொல்கிறார்கள் என்றுதான் பார்ப்பார். அலுவலகத்தில் எப்படிக் கூப்பிட்டார்களோ அப்படியே அந்தப் பெண்ணும் கூப்பிடட்டும். சாயங்காலமானால் “நேரமாச்சு, போகணும்” என்று வாசலுக்கு நடப்பவரிடம் பழைய கடித உறைகளையும் காகிதக் கட்டையும் கொடுத்து, “இதப் பிரிச்சு வச்சிட்டுப் போயிரலாமா?” என்று கேட்டுப்பார்க்கட்டும். தினமும் பலிக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். பலிக்கும் நாளில் ஒரு மணி நேரம் கிடைக்கும். இறந்துபோன தன் அம்மாவை அவர் தேடும்போது, “அவங்க போய்ச் சேர்ந்து இருபது வருஷமாச்சே” என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டாம். அவருக்கு ஒவ்வொரு முறையும் அது புதுச் சாவு. “அவங்க கைப்பக்குவம் எப்படி இருக்கும், சொல்லுங்களேன்” என்று பேச்சை அந்த அம்மாவைப் பற்றியே நகர்த்தினால் போதும்.

கேமராவும் இல்லமும்

கூடத்தில் கேமரா வைக்கலாம், வேலைக்கு வருகிறவருக்கு முன்கூட்டியே சொல்லி, அவர் சம்மதத்தோடு. குளியலறையிலும் உடை மாற்றும் இடத்திலும் கூடவே கூடாது. அது அம்மாவின் மானம் சம்பந்தப்பட்டது. பல நாடுகளில் சட்டமும் குறுக்கே வரும். ஒளித்துவைத்த கேமரா வேண்டாம். ஏதோ தவறு நடக்கிறது என்று உறுதியான சந்தேகம் இருந்தால் ஏஜென்சியிடமும் காவல்துறையிடமும் போங்கள். சொல்லாமல் கொள்ளாமல் வெவ்வேறு நேரத்தில் நீங்கள் வீட்டுக்குப் போய் நிற்பது கேமராவைவிட நன்றாக வேலை செய்யும்.

இல்லம் என்று அண்ணன் சொல்வதைப் பாசமில்லாத பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தூக்க எப்போதும் இரண்டு பேர் தேவைப்படும் நிலை, இரவில் கதவைத் திறந்துகொண்டு வெளியேறுவது, விழுங்க முடியாமல் அடிக்கடி புரையேறி நுரையீரல் தொற்று வருவது, அப்பாவே படுத்துவிடுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் இல்லத்தைப் பற்றித் தீவிரமாக யோசிக்க வேண்டியிருக்கும். அவசரத்தில் கிடைத்த இடத்தில் சேர்ப்பதைவிட, இப்போதே இரண்டு மூன்று இடங்களை அண்ணன் போய்ப் பார்த்துவைக்கட்டும். இன்றைய நிலையில் வீட்டிலேயே இன்னொரு முறை ஒழுங்காக முயன்று பார்க்கலாம் என்பது என் கருத்து.

அப்பாவைப் பற்றி ஒன்று. அவர் பிடிவாதத்துக்குள் சோர்வும் இருக்கிறது, மனச்சோர்வே இருக்கலாம். பராமரிப்பவரின் சுமையை அளக்க 22 கேள்விகள் கொண்ட ஸாரிட் படிவம் என்று ஒன்று இருக்கிறது. அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப்போகும் அன்று, அப்பாவுக்கும் அதைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆபீஸில் மூன்று நாள்தான் லீவு கிடைக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றையும் தொடர்ச்சியாக எடுக்க வேண்டாம். ஒன்று, புதியவர் வரும் முதல் நாள். அன்று அவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும், அம்மாவை நீங்கள் தொடுங்கள். இரண்டாவது, அவர் முதன்முதலாக அம்மாவைக் குளிக்கவைக்கும் நாள். முதல் நான்கைந்து நாள் துடைத்துவிட்டே சமாளிக்கலாம், அவசரமில்லை. மூன்றாவது, அவர் முதல் விடுமுறையில் போக, மாற்று ஆள் வரும் நாள். அன்று வீட்டில் நீங்கள் இல்லையென்றால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.